குபாத்தின் முடிச்சு

குபாத் பைகே இணையத்தில் தன் பெயரைத் தேடியது தற்பெருமையால் அல்ல. (எங்கள் கிர்கிஸ் மொழியில் 'பைகே' என்றால் அண்ணன்.) மே மாதம் பிஷ்கெக்கில் நாங்கள் நடத்தவிருந்த கூட்டத்துக்காக, எங்களைப் பற்றி ஆளுக்கு நான்கு வரி எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். நான் என் நான்கு வரியைத் தேநீர் ஆறுவதற்குள் எழுதி அனுப்பிவிட்டேன். அவருக்கு, பதினோரு வருடத்துக்கு முன்பு அல்மாத்தியில் வேலை பார்த்தபோது வாசித்த ஒரு கட்டுரையின் ஆண்டு மறந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்கத்தான் பெயரைத் தட்டினார். கட்டுரை கிடைக்கவில்லை. ஒரு காப்புரிமை கிடைத்தது.

அன்று வியாழக்கிழமை. மதியம் நான் மேசையில் அஷ்லாம்ஃபூ என்ற குளிர்ந்த நூடுல்ஸ் கிண்ணத்தைத் திறந்து வைத்திருந்தேன். அவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து கிண்ணத்துக்கு எதிரே வைத்தார்.

"புருல், இதப் படி."

"சாப்பிட்டுட்டுப் படிக்கிறேனே, பைகே."

"சரி, சாப்பிடு. படிச்சப்புறம் உனக்கு இறங்காது."

இப்படிச் சொன்ன பிறகு யாருக்குத்தான் இறங்கும்? படித்தேன். அமெரிக்காவில் பதிவான காப்புரிமை. கண்டுபிடித்தவர்கள் என்று நான்கு பெயர்கள். மூன்றாவது அவருடையது, குடும்பப் பெயரில் இரண்டு எழுத்து மட்டும் இடம் மாறியிருந்தது. கீழே ஒரு வரைபடம். அந்த வரைபடம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டரை வருடமாக நானும் அவரும் சேர்ந்து எழுதிவந்த வரைவின் ஏழாம் பக்கத்தில் கிட்டத்தட்ட அதேதான் இருந்தது. அதை வரைந்தவள் நான்.

அந்த வரைவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக் கணவாய்களில் பனிச்சரிவு வருமா என்று அளக்கும் சிறு கருவிகள் உண்டு. அங்கே செல்போன் கோபுரம் கிடையாது. தலைக்கு மேலே ஒரு சின்னச் செயற்கைக்கோள் கடந்துபோகும் நாலைந்து நிமிடத்துக்குள் கருவி தன் சேதியைத் துண்டு துண்டாக அனுப்பி முடிக்க வேண்டும். பாதியில் அறுந்துபோனால், அடுத்த முறை எதிலிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் திரும்ப அனுப்பினால் குளிர்காலம் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் இதற்கு ஒவ்வொரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேசாது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுத் தரநிலை வேண்டும் என்று பல நாட்டுப் பொறியாளர்கள் ஒரு பணிக்குழுவாகச் சேர்ந்தார்கள். வரைவை எழுதும் வேலை எங்கள் இருவரிடம் வந்தது.

வரைவின் உயிர்நாடி குபாத் பைகேயின் யோசனை. பெறுகிற முனை, தனக்கு வந்து சேர்ந்த துண்டுகளை எல்லாம் ஒரு கணக்கால் மடித்து, ஒரே ஒரு சிறிய எண்ணாகத் திருப்பிச் சொல்லும். கருவி அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் போதும்: நடுவில் விழுந்த ஓட்டை எது, கடைசியில் விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். விடுபட்டதை மட்டும் அனுப்பும். குழுவில் எல்லோரும் அதை 'குபாத்தின் முடிச்சு' என்றே அழைத்தார்கள். அதன் அழகில் எனக்கு இருந்த மயக்கத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள்.

"இது நம்ம முடிச்சேதான்" என்றேன்.

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"சத்தியமா இல்ல. அல்மாத்தில நாங்க நாலு பேரு ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு நிரல் எழுதிக் குடுத்தோம். வேலை முடிஞ்சப்ப நாப்பது தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. கேக் வெட்டினாங்க. கேக் ஞாபகம் இருக்கு, வால்நட் போட்டது. தாள்ல என்ன இருந்துதுன்னு ஞாபகம் இல்ல."

"அப்ப இந்த யோசனை?"

"தூ-அஷூ கணவாய்ல வண்டி மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்ப புதுசா தோணுச்சுன்னு நெனச்சேன்." முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "புதுசா தோணல போல. பழசுதான் ஞாபகம் வந்திருக்கு."

அந்த வெளிநாட்டு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கி, அதை மற்றொன்று வாங்கி, காப்புரிமை இப்போது ஒரு பெரிய கருவி நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் எங்கள் பணிக்குழுவிலேயே இருந்தார். கஸ்பார் என்ற போர்த்துகீசியர். அவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை; அவருடைய நிறுவனத்திடம் இருபதாயிரம் காப்புரிமைகள் உண்டு.

பணிக்குழு இயங்கிய தரநிலை அமைப்பில் ஒவ்வொரு கூட்டமும் ஓர் அறிவிப்பைத் திரையில் காட்டித்தான் தொடங்கும். பேசப்படும் விஷயத்தைத் தொடுகிற காப்புரிமை ஏதாவது இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், உடனே சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பேச்சில் கலந்துகொள்ளக் கூடாது. அது திரையில் வரும்போதுதான் நாங்கள் எல்லோரும் தேநீர் ஊற்றிக்கொள்வோம்.

அடுத்து நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை.

"பைகே, இன்னும் அஞ்சு நாள்தான். செவ்வாய்க்கிழமை எல்லாரும் வந்துருவாங்க. வரைவ ஒத்துக்கட்டும். அதுக்கப்புறம் 'இப்பதான் பாத்தேன்'னு சொல்லுங்க. பேரே தப்பா இருக்கு. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே."

"மூணு கம்பெனி ஜூன்ல கருவி செய்யக் காத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப கிளப்பினா இன்னொரு குளிர்காலம் போயிரும். நான் ஊருக்குப் போறதே அந்த வழிதான். நீங்க அடிக்கடி போறது இல்லையே!"

அவர் நரின்காரர். நான் தலாஸ்காரி. தூ-அஷூவைத் தாண்டாமல் அம்மாவைப் பார்க்க முடியாது.

"போகட்டும், புருல். பத்தாயிரம் இடத்துல மாட்டின பிறகு ஒருத்தன் வந்து 'இது என்னோடது, பணத்த வை'ன்னு நின்னா, பனிக்குள்ள போய்க் கழட்டிக்கிட்டு வருவியா?"

"நரின்காரங்களுக்கு மூளை மெதுவாத்தான் வேலை செய்யும்னு சொல்லுவாங்க. பதினோரு வருஷம் ஆகும்னு யாரும் சொல்லல."

"தலாஸ்காரங்களுக்கு வாய்தான் முதல்ல வேலை செய்யும்னும் சொல்லுவாங்க" என்றபடி, என் மேசையிலேயே உட்கார்ந்து அமைப்பின் அறிவிப்புப் படிவத்தைத் திறந்தார்.

படிவம் சின்னதுதான். காப்புரிமை எண். உரிமையாளர் பெயர். வரைவின் எந்தப் பகுதியைத் தொடுகிறது. 'ஏழாம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டாம் பக்கம்வரை முழுவதும்' என்று தட்டினார். உரிமையாளர் என்ன நிபந்தனையில் பயன்படுத்த விடுவார் என்ற கேள்விக்கு, 'தெரியாது.' கண்டுபிடித்தவர்களில் தாமும் ஒருவர் என்பதைச் சொல்ல அதில் இடமே இல்லை. கடைசியில் இருந்த குறிப்புப் பெட்டியில் அவராகவே எழுதினார்: 'மூன்றாவது பெயர் என்னுடையது. மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.' பிறகு அனுப்பிவிட்டார்.

அஷ்லாம்ஃபூ எப்படியும் ஆறிய பண்டம்தான். ஆனாலும் அன்று அதைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது.

மாலைக்குள் குழுவின் அஞ்சல் பட்டியல் கொதித்தது. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் காப்புரிமையின் பக்கங்களை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். காரமாக எழுதியவர் வௌட்டர். நெதர்லாந்துக்காரர், எந்த நிறுவனத்தையும் சேராதவர், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவச நிரல்களை எழுதுபவர். 'இரண்டரை வருடம் ஒரு கண்ணிவெடியை நம் பாதையில் புதைத்துக்கொண்டே கூட நடந்திருக்கிறார். மறந்துவிட்டாராம்' என்று எழுதியிருந்தார். குபாத் பைகே அதைப் படித்ததை நான் பார்த்தேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். காற்றே அடிக்கவில்லை.

எனக்கும் கோபம்தான். எங்கள் உழைப்பைக் குலைத்துவிட்டாரே என்று ஒரு கோபம். மறைக்கச் சொன்னவள் நான், மறைக்காமல் வெளியே சொன்னவர் அவர் என்பது அதைவிடப் பெரிய கோபம். திங்கட்கிழமைவரை அவரோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

பணிக்குழுவின் தலைவர் மர்யுத், ஃபின்லாந்துக்காரர். பேச்சை அளந்துதான் செலவழிப்பார். அவருடைய கடிதத்தில் நான்கே வாக்கியங்கள் இருந்தன. குபாத்துக்கு நன்றி. விதி கேட்டது இதைத்தான். உரிமையாளரிடம் நிபந்தனை கேட்டிருக்கிறோம். கூட்டம் திட்டப்படி நடக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் பத்தொன்பது பேர் கூடினோம். அறிவிப்பு திரையில் வந்தபோது ஒருவரும் தேநீர் ஊற்றிக்கொள்ளவில்லை. பிறகு மர்யுத், அந்த நிறுவனத்திலிருந்து அன்று விடியற்காலை வந்திருந்த பதிலை வாசித்தார்: நியாயமான, பாரபட்சமில்லாத நிபந்தனைகளில் உரிமம் வழங்கத் தயார், கட்டணம் இருக்கக்கூடும்.

வௌட்டர் உடனே ஒலிவாங்கிக்கு வந்தார்.

"நியாயம்னா எவ்வளவு? யாருக்கு நியாயம்? நான் எழுதுற நிரல யார் வேணா எடுத்துக்கலாம். யாரு எடுத்துக்கிட்டாங்கன்னு எனக்கே தெரியாது. அப்ப யாரு சார்பா நான் போயி உரிமம் கேட்டு நிக்கறது?"

பின்வரிசையில் ஒருவர், அந்தக் காப்புரிமையே செல்லாது, இதைவிடப் பழைய நிரல் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று தொடங்கினார். மர்யுத் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. செல்லுமா செல்லாதாங்கறது நம்ம வேலை இல்ல. நாம நீதிமன்றம் கிடையாது. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் இந்த முடிச்சு நமக்கு வேணுமா, இல்ல வேற வழி போதுமா? அத மட்டும் பேசுங்க."

வேறு வழி என்று எல்லோருக்கும் தெரிந்தது ஒன்று இருந்தது. நாற்பது வருடமாகப் பாடப்புத்தகத்தில் இருக்கும் வழி. பெறுகிற முனை, 'வரிசையாக எனக்குக் கிடைத்ததில் கடைசித் துண்டு இத்தனையாவது' என்று மட்டும் சொல்லும். கருவி அதற்கு அடுத்ததிலிருந்து அனுப்பும். நடுவில் ஓர் ஓட்டை விழுந்தால், அதற்குப் பிறகு வந்து சேர்ந்ததையும் சேர்த்துத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் பேட்டரிச் செலவு இரண்டு மடங்கு ஆகும் என்று எங்கள் வரைவின் பின்னிணைப்பே சொன்னது. ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார்.

"அந்த ரெண்டு மடங்கு, எங்க அளந்தது?" என்று கேட்டார் வௌட்டர்.

"எங்க ஆய்வகத்துல" என்றேன் நான். "துண்டுகள அங்கங்க தொலையவிட்டு அளந்தோம்."

"மலையில? நடுவுல ஓட்டை விழறது நிஜத்துல எத்தன தடவ நடக்குது?"

நான் குபாத் பைகேயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூன்று குளிர்காலத்துப் பதிவுகள் எங்கள் கணினியில் கிடந்தன. கருவி வேலை செய்கிறதா என்று பார்த்தோமே தவிர, இந்தக் கேள்வியை அவற்றிடம் நாங்கள் கேட்டதே இல்லை.

"பாக்கல" என்றேன்.

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

அப்போது குபாத் பைகே எழுந்தார். "வரைவாசிரியர் பொறுப்புலேருந்து நான் விலகிக்கிறேன். என் பேரு அதுல இருக்கறவரைக்கும் உங்களுக்கு உறுத்தும். புருல் பாத்துக்குவா."

மர்யுத் தன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆசிரியர நியமிக்கறது தலைவர் வேலை. நான் யாரையும் எடுக்கல. உக்காருங்க."

மதிய உணவுக்குக் கீழே போனபோது கஸ்பார் தன் லக்மான் நூடுல்ஸ் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து ஒரு சொல் பேசாதவர். "நான் கூட்டத்துல வாயத் திறக்கக் கூடாதுன்னு எங்க வக்கீல்கள் எழுதி அனுப்பியிருக்காங்க" என்றார். "லக்மானுக்குத் திறக்கலாமான்னு கேக்க மறந்துட்டேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஊருக்குப் போனதும் அவங்ககிட்ட நேர்ல பேசறேன். என்னால முடிஞ்சது அதுதான்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அதை ஒரு மரியாதைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் எல்லோரும் போன பிறகு குபாத் பைகேயைப் படிக்கட்டில் மடக்கினேன்.

"நீங்க நைசா விலகிக்குவீங்க, நான் மட்டும் நின்னு அடி வாங்கணுமா?"

"என்னை நம்ப மாட்டாங்க, புருல்."

"நம்பாட்டி போகட்டும். எனக்கும்தான் உங்க மேல கோவம். கோவத்தோடயே வேலை செய்ய முடியாதா? காலைல ஏழு மணிக்கு வாங்க. பதிவ எடுத்துப் பாக்கணும்."

"நாளைக்கு எல்லாரையும் அலா-அர்ச்சாவுக்குக் கூட்டிட்டுப் போறோமே?"

"அவங்க போய் மலையைப் பாக்கட்டும். நாம மலையிலேருந்து வந்ததப் பாப்போம்."

காலையில் நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். அடுப்பில் சுட்ட இறைச்சிச் சம்சா வாங்கி வைத்திருந்தார். மூன்று குளிர்காலத்தில் தொடர்பு அறுந்த நிகழ்வுகள் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றிலும் எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்று பிரிக்க அவர் ஒரு சின்ன நிரல் எழுதினார். நான் இன்னொன்று தனியாக எழுதினேன். இரண்டும் ஒரே விடை சொன்னால்தான் நம்புவது என்று பேசிக்கொண்டோம்.

நிரல் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆறு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பைகே, அன்னைக்கு நான் மறைக்கச் சொன்னேன்ல..."

"என்ன சொன்னே?" என்றார் சம்சாவை மென்றுகொண்டே. "எனக்கு ஞாபகமறதி ஜாஸ்தி. உலகத்துக்கே தெரியும்."

பத்தே முக்காலுக்கு இரண்டு நிரல்களும் முடிந்தன. நடுவில் ஓட்டை விழுந்தவை நூற்றுக்கு நாலரை. மீதி தொண்ணூற்றைந்தரையிலும் சேதி வரிசையாக வந்து, ஓர் இடத்தில் பட்டென்று அறுந்திருந்தது. அதன்பின் ஒன்றுமே இல்லை.

என் நிரலில்தான் பிழை என்று முதலில் நினைத்தேன். அவர் சுவரில் தொங்கிய கணவாயின் வரைபடத்தருகே போய் நின்றார். விரலால் முகட்டைத் தடவினார்.

"முகடு" என்றார். "செயற்கைக்கோள் முகட்டுக்குப் பின்னால போகுது. போனா போனதுதான். கொஞ்சம் கொஞ்சமா மங்காது. ஒரேயடியா அறுந்துரும். ஆய்வகத்துல முகடு ஏது?"

பழைய வழியில் அனுப்பினால் கூடுதல் பேட்டரிச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். நூற்றுக்கு மூன்று. இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தோமே, அது நூற்றுக்கு மூன்று.

குபாத் பைகே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நாலு பேரு ஆறு மாசம் உக்காந்து ஒரு முடிச்சு கண்டுபிடிச்சோம். அதுக்குக் காப்புரிமை வேற. கடைசில பாத்தா, கயிறு அறுபடறதே வேற மாதிரியாம்!" பிறகு சிரிப்பு தேய்ந்தது. இரண்டரை வருடம் முடிச்சைப் பற்றிய அந்தப் பதினாறு பக்கங்களுக்குள் குடியிருந்திருக்கிறோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சண்டை போட்டிருக்கிறோம். அவை போகத்தான் வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. துக்கம் இல்லை என்று சொன்னால் பொய்.

"அழகா இருந்துது, இல்ல?" என்றார்.

"ரொம்ப" என்றேன்.

மூன்று மணிக்கு விருந்தினர்கள் வெயிலில் சிவந்த முகங்களோடு மலையிலிருந்து திரும்பினார்கள். நான் எண்களைத் திரையில் போட்டேன். ஆய்வகத்தில் அளந்தது தவறான அளவு, அந்தப் பின்னிணைப்பை எழுதியவள் நான் என்றும் சொன்னேன். வௌட்டர் எழுந்து வந்து, பதிவுகள் முழுவதையும் தன்னிடம் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தோம். அன்று மாலை விருந்தில் அவரைக் காணவில்லை.

மறுநாள் காலை முதல் ஆளாக ஒலிவாங்கியின் முன் நின்றார்.

"நானும் என் வழியில கணக்குப் போட்டேன். இவங்க சொல்றது நாலரை. எனக்கு நாலே முக்கால் வருது. அந்தக் கால் பங்குக்காக நாம சண்டை போடலாம், இல்ல வேலையப் பாக்கலாம்." அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குபாத் பைகே இருந்த பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. கண்ணிவெடி புதைக்கிறவன், புதைச்ச இடத்துல தானே கொடி நட்டு வைக்க மாட்டான். அது கூடத் தோணாம எழுதிட்டேன். மன்னிக்கணும்."

குபாத் பைகே நெஞ்சில் கைவைத்துத் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான்.

ஒருவர் கேட்டார்: "பழைய வழியில வேற யாரோட காப்புரிமையும் இல்லைன்னு யாரு உத்தரவாதம் தருவா?"

"யாராலயும் தர முடியாது" என்றார் மர்யுத். "தெரிஞ்சவங்க சொல்லணும். விதி அவ்வளவுதான். இங்க யாருக்காவது ஏதாவது தெரியுமா?" எங்கள் எல்லோர் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இல்ல. நாப்பது வருஷமா அச்சுல இருக்கற வழி. இதுக்கு மேல நிம்மதி வேணும்னா வேற உலகத்துலதான் தேடணும்."

எங்கள் அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. எத்தனை கை என்று எண்ணுவது இல்லை. வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். எந்தப் பக்கம் முனகல் பலமோ, அந்தப் பக்கம் குழு சாய்ந்திருக்கிறது என்று தலைவர் தீர்மானிப்பார். யார் முனகினார் என்று தெரியாமல் இருப்பது இதில் ஒரு வசதி.

"முடிச்சு இருக்கணும்னு நினைக்கிறவங்க" என்றார் மர்யுத்.

ஜன்னல் பக்கத்திலிருந்து மெலிதாக இரண்டு மூன்று பேர்.

"முடிச்ச எடுத்துட்டுப் பழைய வழிக்குப் போகணும்னு நினைக்கிறவங்க."

அறை முழுக்க ஓசை எழுந்தது. மேசைமேல் வைத்திருந்த என் உள்ளங்கையில் அதன் அதிர்வு தெரிந்தது. அதில் ஒரு குரல் மட்டும் சுருதி சேராமல், மற்ற எல்லாவற்றையும்விடப் பலமாக, என் வலக்காதுக்குப் பக்கத்தில் ஒலித்தது. குபாத் பைகே கண்ணை மூடிக்கொண்டு தன் முடிச்சுக்கு எதிராக முனகிக்கொண்டிருந்தார். கஸ்பார் வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவருடைய காலணி மட்டும் தாளம் போட்டது.

வரைவைத் திருத்த ஐந்து வாரம் ஆயிற்று. முப்பத்தெட்டுப் பக்கம் இருபத்திரண்டாகக் குறைந்தது. குபாத் பைகே தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார்; நான் மறுத்தேன். கடைசியில் மர்யுத்திடம் போனோம். "அகரவரிசை" என்று ஒரே சொல்லில் தீர்த்துவைத்தார்; இரண்டு பெயர்களும் நின்றன. செப்டம்பரில் அது தரநிலையாக வெளிவந்தது. நான் பயந்தபடி ஒரு குளிர்காலம் வீணாகவில்லை. மூன்று நிறுவனங்களில் இரண்டு ஒதுங்கிக்கொண்டன. தாஷ்கெண்டில் இருந்த சின்னது மட்டும் நவம்பருக்குள் அறுபது கருவிகளைச் செய்து தந்தது. அவற்றுக்குள் ஓடியது வௌட்டர் எழுதிய நிரல். 'காசு வேண்டாம். கணவாயின் படம் ஒன்று அனுப்பினால் போதும்' என்று எழுதியிருந்தார். படம் எடுக்கப் போனவருக்கு மூடுபனிதான் கிடைத்தது. அதையே அனுப்பினோம்.

ஜனவரியில் நான் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். கணவாயின் அடிவாரத்தில் தடுப்புக்கம்பத்தைப் போட்டு எல்லா வண்டிகளையும் நிறுத்தியிருந்தார்கள். எச்சரிக்கை வந்திருக்கிறதாம். என்னை எஜே, அதாவது அக்கா, என்றழைத்த என் வண்டி ஓட்டுநருக்கு ஆத்திரம். "யாரோ நகரத்துல உக்காந்துக்கிட்டு பொத்தானை அமுக்கறாங்க! பனி எங்க விழுது? வானத்தப் பாருங்க, எஜே, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு!" நான் யார் என்று சொல்லிக்கொள்ளத் துணியவில்லை. மூன்று மணிநேரம் அவருடைய வசவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மேலேயிருந்து ஓர் உறுமல் வந்தது. சுரங்கப்பாதைக்குக் கீழே இருந்த வளைவு வெள்ளைப் புகையில் மறைந்தது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். பனியை அகற்றி வழி திறந்த பிறகு, ஊர்போய்ச் சேரும்வரை வசவே இல்லை, பாட்டுதான்.

பிப்ரவரி கடைசியில் கஸ்பாரிடமிருந்து கடிதம் வந்தது. இந்தத் தரநிலையையோ இதன் அடுத்த வடிவங்களையோ பயன்படுத்தும் எவரிடமும் அந்தக் காப்புரிமையை வைத்து எதுவும் கோருவதில்லை என்று அவருடைய நிறுவனம் முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தது. அமைப்பின் பக்கத்தில் குபாத் பைகேயின் அறிவிப்புக்குக் கீழே அது ஏறியது. 'ஒன்பது மாதம். பதினான்கு கூட்டம். வக்கீல்களுக்கு இப்போது என்னைப் பிடிக்காது' என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார் கஸ்பார். அன்று லக்மான் மேசையில் அவரைத் தப்பாக எடைபோட்டதற்கு மன்னிப்புக் கேட்டு நான் பதில் எழுதினேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

"இப்ப திரும்பச் சேத்துரலாமா?" என்று குபாத் பைகேயிடம் கேட்டேன்.

"எதுக்கு? முகடு மாறலையே."

ஆனால் அதே வாரம் நேபாளத்திலிருந்து ஒரு பெண் குழுவுக்கு எழுதியிருந்தாள். அவர்களுடைய வெள்ள எச்சரிக்கைக் கருவிகள் அடர்ந்த காட்டுக்குள் இருக்கின்றன. முகடு கிடையாது, மரங்கள்தான். கிளைகளின் இடுக்கில் தொடர்பு வந்து வந்து போகிறது. சேதியில் நடுவில்தான் ஓட்டை விழுகிறது. பழைய வழி அங்கே தடுமாறுகிறது. பதிவுகளையும் சேர்த்து அனுப்பியிருந்தாள், கேட்காமலே. முடிச்சு என்று ஏதோ முன்பு இருந்ததாமே, அதைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள்.

குபாத் பைகே அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார்.

"அவ பதிவ முதல்ல எண்ணுவோம்" என்றார். "எத்தன ஓட்டைன்னு தெரியாம ஒரு வரி எழுதக் கூடாது. நீ ஒரு நிரல் எழுது, நான் ஒண்ணு எழுதறேன்."

"ரெண்டும் ஒரே விடை சொன்னா?"

"அந்தப் பொண்ண மூணாவது ஆசிரியராப் போட்டுரலாம். அவ பேர எழுத்து எழுத்தாக் கேட்டு வாங்கிக்கோ."